திக்கல்: பயத்தால் வருவதா?

ஆங்கிலத்தில் ஸ்டட்டரிங், ஸ்டாமரிங் என்று இரண்டு பெயர் இருந்தாலும் இரண்டும் ஒன்றுதான். தமிழில் திக்கல். திக்குதல் என்ற வினையிலிருந்து வந்தது. கொன்னுதல், தெற்றுதல் என்றும் பழைய சொற்கள் உண்டு. 'க க கடை' என்று எழுத்து திரும்பத் திரும்ப வருவது, 'ஸ்ஸ்ஸ்' என்று இழுபடுவது, வாய் திறந்தும் ஒலியே வராமல் அடைத்துக்கொள்வது எல்லாமே திக்கல்தான்.

நெஞ்சு 'திக்'கென்றது என்றால் நமக்குப் பயம். ஒலி ஒன்றாக இருப்பதாலோ என்னவோ, திக்குகிற பிள்ளையைப் பார்த்ததும் 'எதையோ கண்டு பயந்திருக்கு, மந்திரிச்சு விடுங்க' என்று சொல்ல யாராவது இருப்பார்கள். பயம் இதற்கு வேர் இல்லை. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள், பேச்சு வேகமாக வளரும் காலத்தில் தொடங்குகிறது, குடும்ப வழியாகவும் வருகிறது. 2010இல் இதோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்கள் சிலவற்றையும் கண்டுபிடித்தார்கள்.

சரி, உணர்ச்சிக்குப் பங்கே இல்லையா? நிறைய இருக்கிறது, ஆனால் திக்கல் வந்த பிறகு. தாம்பரத்தில் இறங்க வேண்டியவர், 'தா' வராதே என்று பயந்து, கூடக் காசு கொடுத்து வண்டலூருக்குச் சீட்டு வாங்குவார். ஊர்ப் பெயரை இப்படி மாற்றிவிடலாம், யாராவது பெயரைக் கேட்டால் என்ன செய்வது? பல பேருக்குத் தன் பெயரைச் சொல்வதுதான் பெரிய கண்டம். முன்னாடியே பயந்தால் உடம்பு இறுகுகிறது, இறுகினால் இன்னும் திக்குகிறது.

1939இல் அமெரிக்காவின் அயோவாவில், அயோவா பல்கலைக்கழகப் பேச்சு ஆய்வாளர் வெண்டல் ஜான்சனின் மேற்பார்வையில், நன்றாகப் பேசிய அனாதைக் குழந்தைகள் சிலரிடம் 'உனக்குத் திக்குகிறது' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். கொடுமையான சோதனை அது. திக்கல் உண்டானதாக நிரூபணமாகவில்லை, ஆனால் அந்தப் பிள்ளைகள் வாய் திறக்கவே கூசிப்போனார்கள். 2001இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

அதனால் 'திக்குவாயன்' என்று ஆளுக்கே பட்டம் கட்டுவதை விட்டுவிடலாம். குறையைச் சொல்ல 'பேச்சுத் திக்கல்', ஆளைச் சொல்ல 'திக்கிப் பேசுபவர்' போதும். அப்புறம், பக்கவாதத்தில் சொல் தெளிவில்லாமல் வந்தால் அது குழறல். மேடையில் ஏறியதும் பதற்றத்தில் வார்த்தை மறந்து நின்றால் அது வெறும் தடுமாற்றம், அதைத் திக்கல் என்று எழுதாதீர்கள்.