ஃபுட்பால் அவே மேட்ச் (வெளியூர் ஆட்டம்) டிக்கெட்: யாருக்கு எத்தனை, போலீஸ் தடுத்தா என்ன பண்ணணும்

இங்கிலாந்துக்குப் படிக்க, வேலைக்குன்னு வர்ற நம்ம பசங்க முதல் மாசமே கேக்குறது, "அண்ணே, நம்ம டீம் வெளியூர்ல ஆடுது, டிக்கெட் எப்படி எடுக்குறது?"ன்னுதான். முழுசா சொல்லிடுறேன்.

இங்கிலாந்தோட முதல் நிலை ஃபுட்பால் போட்டியான பிரீமியர் லீக் விதிப்படி ஹோம் கிளப்பு, அதாவது சொந்த கிரவுண்டுல ஆடுற கிளப்பு, வெளியூர் ரசிகர்களுக்கு 3,000 டிக்கெட் ஒதுக்கணும், ஸ்டேடியமே 30,000 சீட்டுக்குக் கம்மின்னா மொத்தத்துல 10 சதவீதம். போர்ன்மத் கிளப்போட கிரவுண்டு பதினோராயிரத்துச் சொச்சம்தான், அப்போ அங்க போறவங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் டிக்கெட்தான் வரும். எஃப்ஏ கப்னு தனியா நடக்குற நாக்-அவுட் போட்டில வெளியூர் கிளப்பு 15 சதவீதம் வரை கேக்கலாம். விலை பெரியவங்களுக்கு 30 பவுண்டுக்கு மேல போகக்கூடாது, 2016-17 சீசன்ல வந்த உச்சவரம்பு இது, லீக் மேட்சுக்கு மட்டும்தான். ரசிகர்கள் 20 பவுண்டு போதும்னு வருசக்கணக்கா கத்திக் கத்தித்தான் இதுவே கெடச்சுது.

இந்த டிக்கெட்ட யாருக்குக் குடுக்குறதுன்னு அவங்கவங்க கிளப்பு முடிவு பண்ணும், பெரும்பாலும் லாயல்டி பாயிண்ட்தான். முன்னாடி எத்தனை அவே மேட்ச் போயிருக்கீங்களோ அவ்ளோ பாயிண்ட், அதிகம் வச்சிருக்கவங்களுக்கு முதல்ல விப்பாங்க, பெரிய கிளப்புல அவங்களோடயே தீர்ந்துடும், அப்போ புதுசா வர்றவன் போனாத்தான் பாயிண்ட், பாயிண்ட் இருந்தாத்தான் போக முடியும்னு மாட்டிக்கிறான், இது எனக்கு நியாயமாவே படல. சில பேரு பாயிண்ட்டுக்காக வாங்கிட்டு வேற யாருக்காவது குடுத்துடுறாங்க, அதனால இப்போ சில கிளப்புங்க கிரவுண்டு வாசல்ல ஐடி பாத்துத்தான் டிக்கெட்டே கைல தருது. அனுமதி இல்லாம டிக்கெட்ட, வாங்குன விலைக்கே வித்தாலும் 1994 சட்டப்படி குத்தம், வாட்ஸப் குரூப்புல விக்காதீங்க தம்பிகளா.

அடுத்தது போலீஸ். மேட்சுக்குன்னு வாடகைக்கு எடுத்த பஸ்ல மது எடுத்துட்டுப் போகக்கூடாது, 1985 சட்டம். அடிதடில மாட்டி பேனிங் ஆர்டர் (மேட்சுக்கே வரக்கூடாதுன்னு கோர்ட் போடுற தடை) வந்தா குறைஞ்சது 3 வருசம், ஜெயிலும் சேந்து வந்தா 6லேருந்து 10 வருசம்.

எதுவும் பண்ணாதவனையும் மாட்டிவிடுறது டிஸ்பெர்சல் உத்தரவு, 2014 சட்டத்தோட 35வது பிரிவு. போலீஸ் உங்கள 48 மணி நேரம் வரை ஒரு ஏரியாவ விட்டுப் போன்னு சொல்லலாம், மீறினா குத்தம். ஆனா இன்ஸ்பெக்டரோ அதுக்கு மேல உள்ளவங்களோ முன்னாடியே எழுத்துல அனுமதி குடுத்திருக்கணும், உங்க கைலயும் எந்த ஏரியா, எவ்ளோ நேரம்னு எழுதித் தரணும், முடியாத சூழ்நிலைல மட்டும்தான் வாய்ல சொல்லலாம். ஒரு ஊரு ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல என் கூட வந்த பையன, சத்தம் போட்ட கும்பலுக்குப் பக்கத்துல நின்னான்னு திருப்பி அனுப்பிட்டாங்க, ரெண்டு வருசம் காத்திருந்து எடுத்த முதல் அவே டிக்கெட், மடிச்சபடியே பர்ஸ்ல வச்சிருக்கான். அவனுக்குக் குடுத்த தாள்ல ஏரியாங்கிற எடம் வெறுமனே கெடந்துது, அந்தப் பதட்டத்துல நாங்க ரெண்டு பேருமே கவனிக்கல.

அப்படி நடந்தா அங்கயே வாக்குவாதம் வேண்டாம், கெளம்பிடுங்க, தாள ஃபோட்டோ எடுத்துக்கோங்க, போலீஸ்காரர் தோள்ல இருக்குற நம்பரக் குறிச்சுக்கோங்க, அப்புறம் அந்தப் போலீஸ் படைக்கே புகார் எழுதுங்க. ஃபுட்பால் சப்போர்ட்டர்ஸ் அசோசியேஷன்னு ரசிகர் அமைப்பு இருக்கு, இந்த மாதிரி விஷயத்துல வழி சொல்லுவாங்க.