கேம் விளையாடும் கணினி வேறு, கேம் எழுதும் கணினி வேறு

சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஓர் அப்பாவும் மகனும் எங்கள் சர்வீஸ் கடைக்கு வந்தார்கள். பையன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. பையில் சிவப்பு விளக்கு எரியும் கீபோர்டோடு ஒரு கேமிங் லேப்டாப். “கேம் புரோகிராமிங் கத்துக்கணும்னு கேட்டான் சார். மாசம் 5,200 ரூபா, 18 மாசத் தவணை. வாங்கி மூணு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள ரொம்ப ஸ்லோவா இருக்குங்கிறான்” என்றார் அப்பா. மீதி 15 தவணையை நினைத்து அவர் கலங்கியிருந்தது முகத்திலேயே தெரிந்தது.

“நீ செய்யுற கேமைத் திற தம்பி” என்றேன். திறந்தான். ஆடு புலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு, கோடு கிழித்த பலகை. அருமையாகச் செய்திருந்தான். கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டி ஒரு பக்கம், நிரல் எழுதும் விஷுவல் ஸ்டுடியோ ஒரு பக்கம், பிரவுசரில் பாட வீடியோக்கள் பத்து டேப். எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் மெமரி 96 சதவீதம் நிரம்பியிருந்தது. கிராபிக்ஸ் கார்டு 4 சதவீதம்தான் வேலை செய்துகொண்டிருந்தது. ராம் என்கிற அந்த மெமரி 8 ஜிபி, ஒரே ஸ்டிக். நல்லவேளையாக இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தது. இன்னொரு 8 ஜிபி போட்டதும் பையன் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் அவன் அப்பா தவணை கட்டுவது பெரும்பாலும் அந்தத் தூங்கும் கார்டுக்குத்தான். அது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

கேம் விளையாடும்போது கணினியின் பாரம் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழுகிறது. நொடிக்கு 60 முறை படம் வரைந்து தள்ள வேண்டும். கேம் எழுதும்போது நடப்பது வேறு. யூனிட்டி போன்ற எஞ்சின், நிரல் எழுதும் எடிட்டர், படம் வரையும் மென்பொருள், பிரவுசர் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். ஒரு வரி மாற்றினால் நிரல் கம்பைல் ஆக வேண்டும் (கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற வேண்டும்), புதுப் படம் சேர்த்தால் எஞ்சின் அதைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் முதலில் வேண்டியது ராம், அப்புறம் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம், அப்புறம் பிராசசர். பழைய ஹார்ட் டிஸ்கில் யூனிட்டி புராஜெக்ட் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், டீ குடித்துவிட்டே வந்துவிடலாம்.

சரி, எவ்வளவு ராம்? நீங்கள் எந்த எஞ்சினில் எழுதப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோடோ எஞ்சின் இலவசம், 200 எம்பிக்குள் இறங்கிவிடும், இன்ஸ்டால்கூடச் செய்ய வேண்டாம். புது புராஜெக்ட் தொடங்கும்போது ‘கம்பாட்டிபிலிட்டி’ என்ற ரெண்டரரை, அதாவது படம் வரையும் முறையைத் தேர்ந்தெடுத்தால் ஓப்பன்ஜிஎல் 3.3 என்ற பழைய கிராபிக்ஸ் தரம் போதும். பல ஆண்டுகளுக்கு முந்தைய லேப்டாப்பில் பிராசசரோடு சேர்ந்து வந்த கிராபிக்ஸே அதைத் தாங்கும். 8 ஜிபியில் நிம்மதியாக வேலை செய்யலாம். பைதான் மொழி தெரிந்தவர்கள் பைகேம் என்ற கருவியில் தொடங்கினால் அது அவ்வளவுகூடக் கேட்காது. 2024-இல் உலகமெங்கும் பேசப்பட்ட பலாட்ரோ என்ற சீட்டு விளையாட்டு, ‘லவ்’ என்ற சின்ன இலவசக் கருவியில் ஒரே ஆள் எழுதியது. யூனிட்டி என்றால் 16 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்ரியல் எஞ்சின் வேறு கதை. அதை வெளியிடும் எபிக் நிறுவனமே 32 ஜிபி ராமும், கிராபிக்ஸ் கார்டில் 8 ஜிபி நினைவகமும் பரிந்துரைக்கிறது. நம் ஊரில் ‘கேமிங்’ என்று அதிகம் விற்கும் லேப்டாப்புகளில் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 3050 கார்டில் 4 அல்லது 6 ஜிபிதான் உண்டு. அதாவது அன்ரியலுக்கு அது போதாது, ஆடு புலி ஆட்டத்துக்கு அது தேவையே இல்லை. பொழுதுபோக்காகத் தொடங்குகிறவர் முதல் வருடம் அன்ரியல் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இப்போது லேப்டாப்பில் ஒட்டியிருக்கும் பிராசசர் ஸ்டிக்கருக்கு வருவோம். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பலர் ஐ5, ஐ7 என்ற எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. ஐ7-7500யு என்ற இன்டெல் பிராசசரில் 2 கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் 2 பகுதிகள். அதற்கு அடுத்த தலைமுறை ஐ5-8250யுவில் 4 கோர். கம்பைல் செய்யும் வேலையில் அந்த ‘சின்ன’ ஐ5 முன்னால் ஓடிவிடும். ரீஃபர்பிஷ்டு (சரிபார்த்து மறுவிற்பனைக்கு வரும் பழைய) லேப்டாப் வாங்குகிறவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையவற்றுக்கு, ஓரிரு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால்தான் இப்போது 6, 7-ஆம் தலைமுறை லேப்டாப்புகள் மலிவு விலையில் குவிகின்றன. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு கோடோவை ஓட்டலாம். புதிதாகக் காசு கொடுத்து அதை வாங்காதீர்கள்.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பிராசசர்களிலும் இதே கதைதான். ரைசன் 5 7520யு என்று பார்த்தவுடன் 7000 வரிசை, புதுசு என்று தோன்றும். அந்த நான்கு எண்களில் மூன்றாவதைப் பாருங்கள். அது 2 என்றால் உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. 7520யுவில் கிராபிக்ஸும் மிகச் சின்னது. அதைவிட முக்கியம், அதன் ராம் மதர்போர்டிலேயே சால்டர் செய்து, அதாவது கழற்ற முடியாதபடி பற்றவைத்து வரும். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.

இந்தச் சால்டர் விஷயத்தில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியைக்கு மெலிதான லேப்டாப் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொல் விளையாட்டுகள் செய்வதற்காகக் கேட்டார். ஒரு வருடம் கழித்து, “ராம் கூட்டித் தாங்க தம்பி” என்று வந்தார். திறந்தால் ஸ்லாட்டே இல்லை. அவரிடம் அதைச் சொல்ல நேர்ந்த அந்த நிமிடத்துக்குப் பிறகு, பில் போடுவதற்கு முன் ஸ்லாட் எத்தனை, அதில் காலி எத்தனை என்று தாளில் எழுதிக் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நீங்களும் விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். இன்னொன்று, முன்பெல்லாம் “இப்போ 8 எடுங்க, அப்புறம் சேர்த்துக்கலாம்” என்று சொல்வேன். 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறிய பிறகு அதைச் சொல்வதில்லை. 16 ஜிபியாகவே வருவதற்கு விலை வித்தியாசம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். இரண்டு ஸ்டிக்காக இருந்தால் இன்னும் நல்லது. தனி கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸும் அந்த ராமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. இரண்டு ஸ்டிக் இருக்கும்போது அதன் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடும்.

வீட்டில் ஒரு மேசை போட இடம் இருந்தால் டெஸ்க்டாப் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அதே காசுக்கு வேகம் அதிகம், நம் கோடைக்குச் சூடு தாங்கும், என்றைக்காவது 3டி ஆசை வந்தால் கார்டு மட்டும் வாங்கிச் செருகலாம். கணினிக்கு உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம். யுபிஎஸ் கட்டாயம். சேவ் செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய், கெட்டுப்போன புராஜெக்ட்டோடு வந்து நிற்பவர்களை மழைக்காலத்தில் அடிக்கடி பார்க்கிறேன்.

லேப்டாப்தான் வேண்டும் என்றால் திரையைக் கவனியுங்கள். 1366-க்கு 768 திரையில் எஞ்சினின் ஜன்னல்களை வைத்தால் கேமுக்கு ஒரு தபால்தலை அளவு இடம்தான் மிஞ்சும். 1920-க்கு 1080 இருக்கட்டும். ஐபோனில் கேம் வெளியிட நினைப்பவர்களுக்கு மேக் தேவைப்படும். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்டணமும் உண்டு. ஆண்ட்ராய்டுக்கு விண்டோஸோ லினக்ஸோ போதும், கூகுள் பிளேயில் ஒரே ஒரு முறை 25 டாலர்.

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு பென்டிரைவில் கோடோவையும், அதனோடு இலவசமாகக் கிடைக்கும் டெமோ புராஜெக்ட் ஒன்றையும் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே செருகித் திறந்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு 15 நிமிடம் ஓடவிடுங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி எவ்வளவு நிரம்புகிறது, பேட்டரி எத்தனை சதவீதம் இறங்குகிறது, ஃபேன் சத்தம் எப்படி என்று பாருங்கள், அடிப்பக்கத்தில் கை வைத்துச் சூட்டையும் பாருங்கள். நேர்மையான கடைக்காரர் யாரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். முகம் சுளித்தால் பென்டிரைவை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.