அட்டையில் செய்த கணினி

1980களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் ஒரு மேசை மேல் காலி அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதன் மேல் 'லேசர் பிரிண்டர்' என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் கணினித் திரை இருக்க வேண்டிய இடத்தில் படம் வரைந்த காகிதங்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் செய்தித்தாளில் பக்கம் லே-அவுட் செய்யும் தொழிலாளர்கள். மேசையில் வைக்கிற அளவு லேசர் பிரிண்டர் அன்று கடையில் கிடையாது. ஆனாலும் அந்தப் பெட்டியிலிருந்து தாள் வருவதாக வைத்துக்கொண்டு, நிஜ வேலையைப் போலவே அவர்கள் பக்கம் செய்து பார்த்தார்கள்.

உட்டோப்பியா என்ற ஆய்வுத் திட்டம் அது. 1981 முதல் 1985 வரை நடந்தது. நார்டிக் நாடுகள் எனப்படும் வட ஐரோப்பிய நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கமும், ஸ்வீடன், டென்மார்க் ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தினார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே, சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ்டன் நைகார்ட், நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து, வேலையிடத்துக்கு வரும் கணினி எப்படி இருக்க வேண்டும் என்று தொழிலாளர்களே யோசிக்க வழி செய்திருந்தார். உட்டோப்பியா அந்த வழியில் வந்தது.

முதலில் அவர்களும் எல்லாரையும் போலத்தான் தொடங்கினார்கள். மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரித்து, வரைபடம் போட்டு, அச்சுத் தொழிலாளர்களிடம் காட்டி "சரியா?" என்று கேட்டார்கள். பயன் இல்லை. அம்புக்குறியும் கட்டமும் நிறைந்த அந்தத் தாள்களில் தொழிலாளர்களுக்குத் தங்கள் வேலை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அட்டையும் காகிதமும் வந்த பிறகுதான் பேச்சு பிறந்தது.

ஏன் அப்படி? பல வருடமாகப் பூ கட்டுகிறவரிடம் "நாரை எந்த விரலில் பிடிக்கிறீர்கள், எத்தனை சுற்று?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் தடுமாறுவார். கையில் பூவையும் நாரையும் கொடுத்துவிட்டால் விரல் தானாக ஓடும். பாதியில் நிறுத்தி, "இந்த நார் சரியில்லை, அறுந்துபோகும்" என்று தானே சொல்வார். பழகிய வேலையின் அறிவு பெரும்பாலும் சொற்களில் இருப்பதில்லை. வேலை நடக்கும்போது, அதுவும் எங்காவது தடைபடும்போது, வெளியே வருகிறது. அட்டைப்பெட்டி அந்தத் தடையைச் செலவில்லாமல் உண்டாக்கியது. இன்னொரு நன்மையும் உண்டு. மெருகேற்றிய திரையைக் காட்டினால் "முடித்துவிட்டார்கள் போல, இனி என்ன சொல்ல" என்று தயங்குகிறவர், அட்டையைப் பார்த்தால் பேனாவை எடுத்துத் தானே அடித்துத் திருத்துவார்.

அந்த முயற்சியின் துணையோடு உருவான டிப்ஸ் என்ற மென்பொருளை ஸ்டாக்ஹோமின் அஃப்டொன்ப்லாடெட் நாளிதழில் சோதித்தார்கள். அது சந்தையில் பெரிதாக ஓடவில்லை. ஆனால் காகிதத்தில் திரை வரைந்து, பயன்படுத்தப்போகிறவரின் கையில் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் இன்று உலகம் முழுக்க மென்பொருள் வடிவமைப்பில் இருக்கிறது.

சரி, கருத்தைக் கேட்டுவிட்டால் போதுமா? போதாது. அமெரிக்காவில் நைனெக்ஸ் தொலைபேசி நிறுவனம் தன் ஆபரேட்டர்களுக்குப் புதுக் கணினி முனையம் வாங்க நினைத்தது. கீ அழுத்துவது குறைவு, திரையும் வேகம், ஆகவே வேலை சீக்கிரம் முடியும் என்று எல்லாரும் நம்பினார்கள். ஒரு அழைப்பில் 1 விநாடி மிச்சமானால் ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் மிச்சம். வெய்ன் கிரே, போனி ஜான், மைக்கேல் அட்வுட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஆபரேட்டர்கள் வேலை செய்வதை வீடியோ எடுத்து, கண், காது, வாய், விரல் ஒவ்வொன்றும் எந்த நொடியில் என்ன செய்கிறது என்று தனித்தனியாகப் பிரித்துப் போட்டார்கள். அவர்கள் கணக்குப்படி புது முனையத்தில் ஒவ்வொரு அழைப்பும் சுமார் 0.6 விநாடி கூடுதலாகும். யாருக்கும் நம்ப முடியவில்லை. 4 மாதம் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளை நிஜமாகவே அளந்தபோது அதே அளவுதான் வந்தது.

காரணம்தான் அழகு. மறுமுனையில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஆபரேட்டரின் விரல் சும்மா இருக்காது. கேட்டுக்கொண்டே கீயைத் தட்டும். அந்த நேரம் எப்படியும் பேச்சுக்குப் போகிற நேரம், அதற்குள் நடக்கும் தட்டலுக்குத் தனிச் செலவே இல்லை. புது வடிவமைப்பு நீக்கியவை பெரும்பாலும் இப்படிப்பட்ட இலவசத் தட்டல்கள். அப்புறம், முன்பு பேச்சோடு பேச்சாக முடிந்த ஒரு தட்டலை, எல்லாரும் காத்திருக்கும் இடத்துக்குத் தள்ளிவிட்டது. குறைந்த எண்ணிக்கை, நீண்ட நேரம். எத்தனை கீ என்று எண்ணியவர்களுக்கு இது கண்ணில் படவில்லை; ஆபரேட்டர் அருகே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் பட்டது.

இப்படிப் பார்க்க எத்தனை பேர் வேண்டும்? நினைப்பதைவிடக் குறைவு. மனிதர்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் கணக்கிட்டபடி, ஒருவர் பயன்படுத்துவதைக் கவனித்தாலே சராசரியாக 31 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும். இரண்டாமவர் தடுமாறும் இடங்களில் சில ஏற்கெனவே பார்த்தவை. அப்படியே போனால் 5 பேரில் ஏறக்குறைய 85 சதவீதம். அதனால் 15 பேரை ஒரே தடவை கூப்பிடுவதைவிட, 5 பேரோடு பார்த்து, திருத்தி, வேறு 5 பேரோடு மறுபடி பார்ப்பது நல்லது. ஆனால் கணக்குப் பிரிவில் 5 பேரைப் பார்த்துவிட்டுக் கிடங்குக்காரருக்கும் அதுவே பொருந்தும் என்று விடக்கூடாது. அவர் ஒரு கையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறு கையால் திரையைத் தொடுகிறவர்.

பரிந்துரைப் பெட்டி வைத்தால் பெரும்பாலும் "இங்கே ஒரு பட்டன் வையுங்கள்" என்று தீர்வு வரும். எது தொல்லை என்பது வராது. அதனால், அலுவலக மென்பொருள் எழுதுகிறவர்கள் கேள்வித்தாள் அனுப்பும் முன் மானிட்டர்களின் ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். அங்கே ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கும். "14 - திரும்பி வந்த சரக்கு, 17 - உடைந்தது" என்று பேனாவால் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டி, அதுவும் மஞ்சளடித்துப் போயிருக்கும். மென்பொருள் வெறும் எண்களைக் காட்டுவதால்தான் அந்தச் சீட்டு; திரையில் வரும் பட்டியலில் சொற்களைக் காட்ட ஒரு பிற்பகல் வேலை போதும்.