அயோடின் அறைக்கு விதி உண்டு, கேட்க உரிமையும் உண்டு

என் பெரியம்மா மகளுக்குத் தைராய்டு புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்தபின் ரேடியோ அயோடின் கொடுத்து, தனி அறையில் வைத்திருந்தார்கள். பாபநாசம் திரும்பியதும் தெருவில் ஒரே பேச்சு: "கரண்ட் வெச்சாங்களாமே, கிட்டப் போகலாமா?"

நாம் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்வது வேறு சிகிச்சை. அதில் மெஷின் வெளியிலிருந்து கதிரைச் செலுத்தும். முடிந்து எழுந்து வருகிறவர் உடம்பில் கதிர் தங்காது, அன்றைக்கே பேரனை மடியில் வைத்துக்கொள்ளலாம். அக்காவுக்குக் கொடுத்த ரேடியோ அயோடின், அதாவது கதிர் வீசும் அயோடின் 131, மருந்தாகவே உள்ளே போகிறது. தைராய்டு திசு பிடித்துக்கொண்டது போக மீதி பெரும்பாலும் சிறுநீரில் வரும். எச்சிலிலும் வியர்வையிலும் கொஞ்சம் வரும். அறைக்கு இவ்வளவு கட்டுப்பாடு அதனால்தான்.

மருத்துவமனைக் கழிவுக்கான 2016 விதிகள் கதிரியக்கக் கழிவுக்குப் பொருந்தாது. அதற்கு அணுசக்திச் சட்டத்தின் கீழ் வந்த 1987 கழிவு விதிகளும் 2004 கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளும் இருக்கின்றன. கண்காணிப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அதன் அனுமதியும், பொறுப்பேற்க ஒரு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியும் இல்லாமல் எந்த மருத்துவமனையும் இதைச் செய்யக்கூடாது. மருந்தின் கதிரியக்கத்தை மில்லிகியூரி என்ற அலகில் அளப்பார்கள். 30 மில்லிகியூரிக்கு மேல் கொடுத்தால் நோயாளியை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். அந்த அறைக்கென்று தனிக் கழிவறை இருக்க வேண்டும்.

டெல்டாக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கழிவறையைப் பற்றித்தான். இங்கே சாக்கடை எங்கே திரும்பினாலும் கடைசியில் ஏதோ ஒரு வாய்க்காலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தத் தண்ணீர்தான் வயலுக்கும் பாய்கிறது. எனவே அயோடின் அறைக் கழிவுநீர் நேரே வெளியே போகாமல் டிலே டேங்குக்கு, அதாவது கதிர் குறையும்வரை தேக்கி வைக்கும் தொட்டிக்குப் போக வேண்டும். ஒரு தொட்டி நிரம்பியதும் அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள். அயோடின் 131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 80 நாளில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். அதன்பிறகும் அளந்து பார்த்து, வரம்புக்குள் இருந்தால்தான் திறந்துவிட வேண்டும். இந்தத் தொட்டியை வெறும் சம்பிரதாயமாக நினைக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

அக்கா இருந்த அறையில் கதவுக் கைப்பிடி, சுவிட்சு, டிவி ரிமோட் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் சுற்றியிருந்தார்கள். வாஷ்பேசின் பக்கத்தில் உறிஞ்சும் தாள் விரித்திருந்தது. கீழே சிந்தினால் யாரும் மிதிக்கக் கூடாது. தாளைப் போட்டு ஒற்றி எடுத்து, ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகத் துடைத்து, கதிர் அளக்கும் மீட்டரால் மறுபடி அளக்க வேண்டும். தோலில் பட்டால் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும், பரபரவென்று தேய்த்தால் தோல் கீறி உள்ளே போய்விடும். துடைத்த தாள், கையுறை, சாப்பிட்ட தட்டு எல்லாம் பையில் கட்டி, தேதி எழுதி, பூட்டிய அறையில் கதிர் அடங்கும்வரை கிடக்கும். அடங்கியதை அளந்து உறுதிசெய்து, கதிரியக்கச் சின்னத்தை எடுத்த பிறகே சாதாரண மருத்துவக் கழிவோடு சேர்க்கலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது, எத்தனை நாள் தனியாகப் படுக்க வேண்டும், குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கொடுத்த அளவைப் பொறுத்து அது ஆளுக்கு ஆள் மாறும். தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்தக் குழந்தைக்கு அதன்பிறகு தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, இரண்டு தடவை தண்ணீர் விட வேண்டும். அந்த நாள்களில் உடுத்திய துணியை ஆற்றுப் படித்துறைக்குக் கொண்டுபோகாமல், வீட்டிலேயே தனியாகத் துவையுங்கள்.