ஸ்டீரியோஸ்கோப்: திண்மநோக்கி

‘ஸ்டீரியோ’ என்றதும் நமக்கு இரண்டு ஸ்பீக்கர்கள்தான் நினைவுக்கு வரும். அதனால் அந்தச் சொல்லுக்கே ‘இரண்டு’ என்று பொருள் என நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. கிரேக்கத்தில் ‘ஸ்டீரியோஸ்’ என்றால் திடமானது, கெட்டியானது. ‘ஸ்கோப்பியோ’ என்றால் பார்க்கிறேன். தட்டைப் படத்தைத் திடப்பொருளாகப் பார்க்க வைப்பதால் ஆங்கிலேய இயற்பியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் தன் கருவிக்கு ‘ஸ்டீரியோஸ்கோப்’ என்று பெயர் வைத்தார்.

நம் இரண்டு கண்களுக்கும் இடையே 6 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான தூரம் இருக்கிறது. அதனால் ஒரே பொருளை ஒவ்வொரு கண்ணும் கொஞ்சம் வேறு கோணத்தில் பார்க்கிறது. அந்த இரண்டு கோணங்களையும் தனித்தனியே வரைந்து, இடது படம் இடக்கண்ணுக்கு மட்டும், வலது படம் வலக்கண்ணுக்கு மட்டும் தெரியும்படி இரண்டு ஆடிகளை (முகம் பார்க்கும் கண்ணாடிகளை) நிறுத்தினார் வீட்ஸ்டன். இரண்டையும் சேர்த்துத் திரட்டிக்கொள்வது மூளையின் வேலை. புகைப்படக்கலை பொதுவுக்கு வரும் முன்பே, வெறும் கோட்டுப் படங்களை வைத்தே இதைக் காட்டிவிட்டார்!

வீட்டுக்குள் வந்தது அப்புறம்தான். ஸ்காட்லாந்து அறிவியலாளர் டேவிட் புரூஸ்டர் ஆடிகளுக்குப் பதில் வில்லைகள் (லென்ஸ்கள்) வைத்துக் கைக்கடக்கமான பெட்டியாக்கினார். 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் விக்டோரியா மகாராணி அதைப் பார்த்து வியந்த பிறகு விற்பனை சூடுபிடித்தது. 1861-இல் அமெரிக்க மருத்துவர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் கைப்பிடி வைத்த எளிய வடிவம் ஒன்றைச் செய்தார். காப்புரிமை வாங்காமலே விட்டார். யாரும் மலிவாகச் செய்து விற்க முடிந்தது. பிரமிடும் நயாகராவும் நடுத்தர வீடுகளின் வரவேற்பறைக்கு வந்துசேர்ந்தன. ஓவியர்களையும் அது விடவில்லை. 1970-களில் சால்வடோர் டாலி இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என இரட்டை ஓவியங்களே தீட்டினார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘இருகண்நோக்கி’ பொருந்தாது, அது பைனாகுலருக்குப் போய்விட்டது. ‘முப்பரிமாணக் காட்டி’ தவறில்லை, ஆனால் இன்றைய 3டி சினிமாக் கண்ணாடிக்கும் அதே பெயர் பொருந்தும். பள்ளியில் திண்மம், நீர்மம் என்று படித்திருக்கிறோம்; தொலைநோக்கி, நுண்ணோக்கி என்ற சொற்களும் பழகியவை. ஆகவே ‘திண்மநோக்கி’ என்பதே என் தேர்வு. மூலச்சொல்லின் இரண்டு பாதிகளும் அதில் அப்படியே இருக்கின்றன. இரட்டைப் படம் ஒட்டிய அட்டையைத் ‘திண்மப்படம்’ எனலாம். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்தளித்த இரட்டைப் படங்களும் திண்மப்படங்கள்தாம்.