டிரெய்லர் இடித்தால் முதலில் ஸ்பானரை எடுக்காதீர்கள்

"அண்ணே, பிரேக் பிடிச்சா பின்னால டங்குன்னு இடிக்குது. ஜாவைக் கொஞ்சம் டைட் வச்சு விடுங்க."

கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டி வருபவர்கள் பட்டறையில் இறங்கியதும் சொல்வது பெரும்பாலும் இதுதான். இடிக்கிறது என்று டிரைவர் சொன்னால் நான் அப்படியே நம்புவேன். சீட்டில் உட்கார்ந்து முதுகில் வாங்குகிறவர் அவர். ஆனால் ஜாவை, அதாவது டிரெய்லரைக் கவ்விப் பிடிக்கும் பிடியை, இறுக்கச் சொல்வதை மட்டும் உடனே செய்ய மாட்டேன். ஒரே மாதிரி சத்தம் நாலைந்து இடங்களிலிருந்து வரும். எங்கே ஆடுகிறது என்று பார்க்காமல் ஜாவை இறுக்கினால் சத்தம் கொஞ்ச நாள் அடங்கும். கோளாறு அப்படியே இருக்கும், சில நேரம் ஆபத்து கூடவும் செய்யும்.

தொழிலுக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாக: முன்னால் இழுக்கும் வண்டியின் சேசிஸ் மேல், பின்பக்கம் பிளந்த ஒரு கனத்த இரும்புத் தட்டு இருக்கும். அதுதான் ஃபிஃப்த் வீல். டிரெய்லரின் அடியிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கிங் பின் அந்தப் பிளவுக்குள் நுழைந்ததும், ஜா மூடிக்கொண்டு அதன் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும். கழுத்தின் விட்டம் பெரும்பாலும் 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். 2018இல் அச்சுப் பளு வரம்பை உயர்த்திய பிறகு வண்டியும் டிரெய்லரும் சரக்கும் சேர்த்து 55 டன் வரை போக அனுமதி இருக்கிறது. அதில் பெரும்பகுதியைக் கிளம்பும்போது இழுப்பதும், பிரேக் பிடிக்கும்போது அதன் தள்ளைத் தாங்குவதும் அந்த இரண்டு அங்குல இரும்புதான்.

சரி, ஆட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துவிட வேண்டும். டிரைவர் முதல் கியரில் மெல்ல முன்னே ஒரு இழுப்பு, ரிவர்ஸில் மெல்ல ஒரு தள்ளு கொடுப்பார். இன்னொருவர் பக்கவாட்டில், சக்கரத்துக்கு எட்டாத தூரத்தில் நின்று டார்ச் அடித்துப் பார்ப்பார். வண்டி அசையும்போது அடியிலோ நடுவிலோ தலையை நீட்டக் கூடாது. இதில் எந்த அவசரமும் வேண்டாம்.

டார்ச் வெளிச்சத்தில் கவனிக்க வேண்டியது, எது நிற்கிறது, எது நகர்கிறது என்பதைத்தான். தட்டு முன்பின் போகிறது, டிரெய்லர் அப்படியே நிற்கிறது என்றால் ஆட்டம் ஜாவுக்கும் கிங் பின்னுக்கும் நடுவே. தட்டும் டிரெய்லரும் ஒன்றாக நிற்க, அடியில் தட்டைத் தாங்கும் பிராக்கெட் மட்டும் ஆடுகிறது என்றால் அங்கே தட்டைக் கோத்திருக்கும் பின்னும் அதைச் சுற்றியிருக்கும் புஷ் உறையும் தேய்ந்திருக்கின்றன. பிராக்கெட்டே சேசிஸ் மேல் நகர்ந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. இந்தக் கடைசிக் கோளாறுக்கு வண்டியை அசைக்காமலே ஒரு அடையாளம் உண்டு: போல்ட் தலையைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய துருப்பொடி படிந்திருக்கும், பிராக்கெட் ஓரத்தில் பெயின்ட் போய் ஒரு கோடு பளபளக்கும். இரண்டு இரும்பு ஒன்றோடொன்று உரசாமல் அந்தப் பொடி வராது. அப்படிப் பார்த்தால் அந்த ஒரு போல்ட்டை மட்டும் முறுக்கிவிட்டுப் போகாதீர்கள். எல்லாப் போல்ட்டையும் கழற்றிப் பார்த்து, துளை நீண்டிருக்கிறதா, சேசிஸில் விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். முறுக்கியதும் போல்ட்டுக்கும் தட்டுக்கும் குறுக்கே பெயின்டில் ஒரு கோடு போட்டால் அடுத்த முறை தளர்ந்ததா என்று கண்ணாலேயே தெரியும்.

ஜாவில்தான் ஆட்டம் என்று உறுதியானாலும் ஜாவின் இறுக்கத்தை மாற்றும் அட்ஜஸ்டிங் போல்ட்டை உடனே தொடாதீர்கள். தேய்ந்தது ஜாவா, கிங் பின்னா என்று தெரிய வேண்டும். டிரெய்லரைக் கழற்றி, பழைய கிரீஸைச் சுத்தமாகத் துடைத்து, வெர்னியர் காலிப்பரால் கிங் பின் கழுத்தை முன்பின்னாக ஒரு தடவையும் பக்கவாட்டில் ஒரு தடவையும் அளவெடுங்கள். இழுப்பும் தள்ளும் முன்பின்னாகவே விழுவதால் தேய்மானம் வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் மட்டும் அளந்தால் அளவு ஏமாற்றிவிடும். ஐரோப்பியத் தயாரிப்பாளர் கையேடுகளில் 2 அங்குல கிங் பின்னுக்குத் தேய்மான எல்லை 49 மில்லிமீட்டர் என்று இருக்கும். அதற்குக் கீழே போனால் மாற்றத்தான் வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தேய்ந்த கிங் பின்மேல் வெல்டிங் வைத்து ஏற்றி, கிரைண்டர் பிடித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் வேலையை யார் செய்து கொடுத்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிங் பின் சூட்டுப்பதம் கொடுத்த உருக்கு. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். பார்ப்பதற்குப் புதியது மாதிரி இருக்கும், உள்ளே விரிசல் ஓடும். ஒரு நாள் லோடோடு முறியும். புதுக் கிங் பின் விலையை மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

இப்போது அந்த "கொஞ்சம் டைட்" விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் ஒரு வண்டி ஒரே டிரெய்லரை இழுப்பதில்லை. காலையில் ஒன்றை யார்டில் விட்டுவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொண்டு போவார்கள். தேய்ந்த கிங் பின் இருக்கும் டிரெய்லரை மாட்டியபடியே ஆட்டம் போகும்வரை ஜாவை இறுக்கினால், அந்த டிரெய்லருக்கு அது கச்சிதமாகத்தான் இருக்கும். மறுநாள் புதுக் கிங் பின் உள்ள டிரெய்லரை மாட்டும்போது ஜா முழுதாக மூடாது. ஜாவைத் திறந்து பூட்டும் கைப்பிடி உள்ளே போகாமல் நிற்கும், சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளப் பார்ப்பார்கள். டிரெய்லர் கழன்று போவதற்கு இதைவிட நேரான வழி கிடையாது. ஜாவை அட்ஜஸ்ட் செய்வது சரியான 2 அங்குல அளவுள்ள டெஸ்ட் பின்னை வைத்துத்தான். அப்படிச் செய்த பிறகும் ஒரு டிரெய்லர் மட்டும் இடித்தால், அந்த டிரெய்லரின் கிங் பின்னைப் பாருங்கள். ஓனர்கள் டிரெய்லர் நம்பர் வாரியாகக் கிங் பின் அளவை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

எங்குமே ஆட்டம் இல்லாமல் இடிக்கும் வண்டிகளும் வரும். டிரெய்லர் பிரேக் தாமதமாகவோ குறைவாகவோ பிடித்தால், முன்வண்டி நிற்க, பின்னால் இருக்கும் எடை வந்து தள்ளும். டிரைவருக்கு அது ஜா இடிப்பது போலவே இருக்கும். மழை ஈரத்தில் வண்டி மடங்கிக்கொள்வதும் இப்படித்தான் தொடங்குகிறது. புரப்பெல்லர் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) கிராஸ் மூட்டு, சஸ்பென்ஷன் புஷ், கன்டெய்னரை டிரெய்லரோடு பூட்டும் ட்விஸ்ட் லாக் சரியாகப் பூட்டாமல் இருப்பது இவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பட்டறையைவிட யார்டில் நடப்பதுதான் எனக்குக் கவலை. டிரெய்லரை விட்டுப் போகிறவர், கழற்றிய டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் லேண்டிங் லெக்கை உயரமாக வைத்துவிட்டால், அடுத்து வருபவர் ரிவர்ஸ் எடுக்கும்போது கிங் பின் ஜாவுக்குள் இறங்காமல் மேலேயே போய் உட்காரும். 'டக்'கென்று சத்தம்கூடக் கேட்கும். மாட்டியாச்சு என்று நினைத்து இழுத்துப் பார்த்தால் வரவும் செய்யும். அதனால் இழுத்துப் பார்ப்பது மட்டும் போதாது. மாட்டும் முன் டிரெய்லர் தட்டு ஃபிஃப்த் வீலைவிடச் சற்றுத் தாழ்வாக, நுழையும்போது லேசாகத் தூக்கிக்கொண்டு போகிற உயரத்தில் இருக்க வேண்டும். மாட்டியதும் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: இரண்டு தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. அப்புறம் பின்னாலிருந்து டார்ச் அடித்து, ஜா கிங் பின் கழுத்தைச் சுற்றி மூடியிருப்பதைக் கண்ணால் பார்த்து, கைப்பிடி முழுக்க உள்ளே போய் சேஃப்டி கொக்கி விழுந்ததா என்று கையால் தொட்டுப் பாருங்கள். லேண்டிங் லெக்கை அதற்குப் பிறகு ஏற்றினால் போதும். கிளீனரை அனுப்பாமல் டிரைவரே இறங்கிப் பார்ப்பது நல்லது.

கிரீஸ் பற்றி ஒரு வார்த்தை. தூத்துக்குடி, எண்ணூர் மாதிரி நிலக்கரி இறங்கும் துறைமுகப் பக்கம் ஓடும் வண்டிகளில் தட்டின் மேல் கிரீஸ் கறுப்பு மணலாகக் கெட்டித்துக் கிடக்கும். விரலால் தேய்த்தால் நறநறக்கும். அதன்மேலேயே புது கிரீஸ் அப்பினால் தேய்மானம்தான் கூடும். முழுக்கச் சுரண்டித் துடைத்துவிட்டுப் புதிது வையுங்கள்.

பல மாதங்களில் மெல்ல வளரும் இடி வேறு, ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வரும் இடி வேறு. இரண்டாவது வந்தால் அடுத்த டீக்கடை வரை போகலாம் என்று நினைக்காமல், பிரேக்கை மெல்லப் பிடித்து ஓரம் கட்டுங்கள். கட்டை போட்டுவிட்டு முதலில் கைப்பிடியைப் பாருங்கள். அது வெளியே வந்திருந்தாலோ, தட்டுகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தாலோ வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாமல் மெக்கானிக்கை அந்த இடத்துக்கே வரச் சொல்லுங்கள்.