மூவாயிரம் ஃபான்ட்டின் வருகைப்பதிவு

திண்டுக்கல் பக்கம் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணே, காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு கிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருளைத் திறந்தால், டீக்கடைக்குப் போய்த் திரும்பி வரும் வரைக்கும் அந்த முதல் படம் அப்படியே நிற்கிறது. மெக்கானிக் பேச்சைக் கேட்டு ராமை 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கினேன், ஒரு மாற்றமும் இல்லை. கடைப் பையன் வைரஸ் என்கிறான். என்னதான் கோளாறு?”

நான் இரண்டு கேள்விதான் திருப்பிக் கேட்டேன். மூடிவிட்டு உடனே மறுபடி திறந்தால் எவ்வளவு நேரம்? “பத்து செகண்ட்.” எத்தனை ஃபான்ட், அதாவது எழுத்துரு, வைத்திருக்கிறீர்கள்? “எண்ணினதில்லை, ஒரு மூவாயிரம் இருக்கும்.”

சரி, வைரஸ் இல்லை, ராமும் காரணம் இல்லை. ஒரு தடவை டிஸ்க்கிலிருந்து படித்ததைக் கம்ப்யூட்டர் ராமில் சும்மா கிடக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளும், மறுபடி கேட்டால் அங்கிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். இரண்டாம் முறை சட்டென்று திறக்கிறது என்றால் மென்பொருள் நன்றாகத்தான் இருக்கிறது, முதல் முறை படிப்பதில்தான் இழுக்கிறது.

திறக்கும்போது வரும் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி ஓடுமே, யாரும் பார்ப்பதில்லை, அதைப் பாருங்கள். பிளகின், பிரஷ், பேட்டர்ன் எல்லாம் சடசடவென்று தாண்டிப் போகும். ஃபான்ட் என்று வரும் இடத்தில் நின்றுவிடும். அங்கே நடப்பது பள்ளிக்கூட வருகைப்பதிவு மாதிரிதான். ஒவ்வொரு ஃபான்ட் ஃபைலையும் திறந்து, உன் பெயர் என்ன, தடிமனா சாய்வா, எந்தெந்த எழுத்து உன்னிடம் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறது. இதில் நம்மூர் ஃபான்ட்கள் சொல்லும் பதில் வேடிக்கையாக இருக்கும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடில் தமிழுக்கென்று 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் பாமினி போன்ற பழைய ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் நாற்காலியில் தமிழை உட்கார வைத்தவை. ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி தட்டினால் ‘தமிழ்’ என்று வரும். எனவே “தமிழ் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்” என்று மென்பொருள் கேட்டால் இந்த வகை ஃபான்ட்கள் எதுவும் கை தூக்காது. அத்தனை பேரும் ஆங்கிலம் என்றே பெயர் கொடுப்பார்கள்.

இதற்குப் போய் அத்தனை நிமிடமா? ஆகும், ஏனென்றால் அவர் வைத்திருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். எனக்கு இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. தகட்டின் மேல் ஒட்டாமல் மிதக்கும் ஒரு கை முதலில் சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு ஏறக்குறைய 9 மில்லி வினாடி. நகர்ந்த பிறகும் வேண்டிய இடம் சுற்றிக்கொண்டு தலைக்கு அடியில் வரும் வரை காத்திருக்க வேண்டும், சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லி வினாடி. ஆக ஒரு தாவலுக்கு 13. கண் இமைப்பதற்குள் முடிகிற வேலை என்று தோன்றும், ஆனால் 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு அது கிட்டத்தட்ட 4 கோடி துடிப்பு, அத்தனையும் இதற்காகக் காத்திருந்தே போகும். ஒரு ஃபான்ட்டுக்கு இரண்டு தாவல் என்று வைத்தாலும், மூவாயிரத்துக்கு 6,000 தாவல், 78 வினாடி. ஃபைல்கள் அடுத்தடுத்துக் கிடந்தால் குறையும், பத்து வருடமாக ஏற்றியும் அழித்தும் சிதறிப்போன டிஸ்க்கில் கூடும். இதையே சுழலும் தகடே இல்லாத, தாவலுக்கு 0.1 மில்லி வினாடி எடுக்கும் எஸ்எஸ்டியில் போட்டால் ஒரு வினாடிகூட ஆகாது.

1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க் 50 தகடுகள் கொண்டது, நிமிடத்துக்கு 1,200 சுற்று, கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று கடையில் வாங்கும் 4 டெராபைட் டிஸ்க் அதைப்போல 8 லட்சம் மடங்கு கொள்ளும். சுற்றும் வேகமோ ஆறே மடங்குதான் கூடியிருக்கிறது! குடோனைப் பெரிதாக்கிக்கொண்டே போய்விட்டு, சாமான் எடுத்து வர அதே ஒற்றை ஆளை வைத்திருக்கிறோம்.

ஆனால் ஒன்று இடித்தது. வருகைப்பதிவை ஒரு தடவை எடுத்தால் போதுமே? எடுத்ததை ஒரு கேஷ் ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் ஃபான்ட் ஃபோல்டர் கடைசியாக மாறிய நேரத்தை மட்டும் சரிபார்க்கும். மாறவில்லை என்றால் பழைய குறிப்பே செல்லும். அப்படியிருக்க இவருக்கு மட்டும் தினமும் காலையில் ஏன் முதலிலிருந்து? மறுபடி விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. பையன் கடை திறந்ததும் சாமிப் படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, டெம்ப் எனும் தற்காலிக ஃபைல்களை அழிக்கும் மென்பொருள் ஒன்றை ஓட்டுகிறான், கம்ப்யூட்டர் வேகமாக இருக்கட்டும் என்று. குப்பையோடு சேர்ந்து அந்தக் குறிப்பும் போய்விடுகிறது.

ஊதுபத்தியால் கெடுதல் இல்லை, இந்தத் துப்புரவுப் பூஜையால்தான். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து நாலு தடவை ரெஃப்ரெஷ் அடிப்பதும் இதே ரகம். அது ஐகான்களைத் திரும்ப வரைகிறது, அவ்வளவுதான். படித்த இன்ஜினியர்களே பயபக்தியோடு செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணினியில் இரண்டாம் முறையும் அதே தாமதம் என்றால் கதை வேறு. எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். பிராசஸரும் சும்மா, டிஸ்க்கும் சும்மா, ஆனாலும் திறக்கவில்லை என்றால் அது யாருடைய பதிலுக்கோ காத்திருக்கிறது. சில மென்பொருள்கள் திறக்கும்போதே டீஃபால்ட் பிரிண்டரை விசாரிக்கும். அந்த நெட்வொர்க் பிரிண்டர் அணைந்து கிடந்தால் பதில் வராமல் நேரம் முடியும் வரை நிற்கும்.

பேனர் கடைக்காரரிடம் இருந்தது கிம்ப்பின் பழைய 2.8 பதிப்பு. 2018இல் வந்த 2.10.4இலிருந்து ஃபான்ட் வாசிப்பைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டார்கள், ஜன்னல் முதலில் திறந்துவிடும். இப்படிக் கண்ணில் படாத வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். கணித்தமிழுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் இவர்கள் பக்கமும் போனால் தேவலை என்பது என் கட்சி.

துப்புரவை நிறுத்தியாயிற்று. தினம் தேவைப்படும் 300 ஃபான்ட்டை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் தனி ஃபோல்டரில் போட்டிருக்கிறார், இப்போது கால் நிமிடத்தில் திறக்கிறதாம். அழித்துவிடலாமே என்றதற்கு மாட்டேன் என்றுவிட்டார். 2009இல் அடித்த காதுகுத்து பேனரை எடுத்துக்கொண்டு போன மாதம் ஒருவர் வந்தாராம், அந்தப் பெண்ணுக்கு இப்போது சடங்கு, பெயரை அதே எழுத்தில் போட்டுக் கொடுங்கள் என்று.